மொன்றியலில் இருந்து ஆமர் வீதி வரை: குளிரூட்டி வாயுக்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழை நாடுகளின் கைத்தொழிலைச் சுற்றாடலுக்குக் கேடு வராத வழியில் வளர்த்துவிடுவோம் என்று உலக மாநாடுகளில் கொடுக்கப்பட்ட வாக்குறுதிகள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் எது இலங்கையில் உண்மையாகவே நடந்தது என்று யாராவது கேட்டால், அவரை நான் கொழும்பின் ஆமர் வீதிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் கூட்டிப் போவேன். அங்கே இருக்கும் பிரிஜ், ஏசி திருத்தும் கடைகளைக் காட்டுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் கடைகளுக்கு வந்த வீட்டுப் பிரிஜ்களில் ஓடியது ஆர்-12 என்ற வாயு. ஓசோன் படலத்தை அரிக்கும் சிஎஃப்சி குடும்பத்தைச் சேர்ந்தது அது. இன்று அதைச் சட்டப்படி இறக்குமதி செய்ய வழியில்லை. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் பலர் அந்த வெள்ளைச் சிலிண்டரைக் கண்ணால் கண்டதே இல்லை.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு சர்வதேச உடன்படிக்கை இருக்கிறது. பணம் கொடுக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சம எண்ணிக்கையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் ஒரு நிதியம் இருக்கிறது. திகதி போட்ட குறைப்பு அட்டவணை, இறக்குமதி அனுமதிப்பத்திரம், எல்லாவற்றுக்கும் கடைசியில் தன் தொழிலை நடுவயதில் திரும்பப் படித்த மெக்கானிக் என்று ஒரு நீண்ட சங்கிலியே இருக்கிறது. அந்தச் சங்கிலி எங்கே இறுகிப் பிடித்தது, எங்கே இன்னும் தொய்ந்து கிடக்கிறது என்பதே இந்த ஆய்வு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள கண்ணிகள் நன்றாக வேலை செய்தன, அதற்குரிய புகழைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடைசிக் கண்ணியான சின்னக் கடைக்காரருக்கு எப்போதும் வகுப்புத்தான் கிடைத்தது. அவருடைய கடைக்கணக்கை யாரும் கவனிக்கவில்லை. இப்போது அடுத்த கட்டக் குறைப்பு தொடங்கிவிட்டது. அதில் வெற்றியும் தோல்வியும் அவருடைய கையில்தான் இருக்கிறது.

முன்கதை

ஏழை நாடுகளின் கைத்தொழில் வளர்ச்சிக்கென்றே ஐநாவில் ஒரு நிறுவனம் இருக்கிறது: யுனிடோ. 1966 இல் பொதுச்சபைத் தீர்மானத்தால் உருவானது, தலைமையகம் வியன்னா. 1975 இல் பெரு நாட்டின் லிமா நகரில் கூடிய அதன் மாநாடு, 2000 ஆம் ஆண்டுக்குள் உலகக் கைத்தொழில் உற்பத்தியில் குறைந்தது 25 சதவீதம் வளர்முக நாடுகளுடையதாக இருக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் யார், எப்போது, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு யாரையும் கட்டிப்போடும் அட்டவணை அதில் இல்லை. 1996 இறுதியில் அமெரிக்கா அந்த நிறுவனத்தில் இருந்தே விலகியது, 2012 இல் பிரித்தானியாவும் விலகியது. 2013 இல் அதே லிமாவில் இன்னொரு பிரகடனம் வந்தது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும், நிலைத்து நிற்கும் கைத்தொழில் வளர்ச்சி என்பது அதன் குறிக்கோள். 2015 இல் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் ஒன்பதாவது இலக்காகக் கைத்தொழில் இடம்பிடித்தது.

கொழும்பு வரை வந்த முயற்சிகளும் உண்டு. யுனிடோவும் ஐநா சுற்றாடல் திட்டமும் 1994 முதல் பல நாடுகளில் தூய உற்பத்தி மையங்களைத் தொடங்கின. இலங்கையின் மையம் நோர்வேயின் நிதியுதவியோடு 2002 இல் வந்தது. கழிவு வெளியேறும் வாயிலில் நின்று சுத்திகரிப்பதைவிட, கழிவு உருவாகும் இடத்திலேயே அதைக் குறைப்பது அவர்கள் சொல்லிக்கொடுத்த முறை. கொதிகலனிலிருந்து போகும் நீராவிக் குழாய்க்கு உறை போடுவது, ஒழுகும் வால்வை மாற்றுவது போன்ற செலவு குறைந்த வேலைகளில் தொடங்கும் நல்ல முறை அது. ஆனால் விருப்பமுள்ள தொழிற்சாலை மட்டுமே அந்தக் கதவைத் தட்டும். விருப்பமில்லாதவரும் வந்தே தீர வேண்டிய ஏற்பாடு ஓசோன் விடயத்தில்தான் இருந்தது. அதனால்தான் இந்த ஆய்வுக்கு அதை எடுத்துக்கொண்டேன்.

பணம் கேட்ட நாடுகள்

சிஎஃப்சி வாயுக்கள் மேல்வளிமண்டலத்தில் உடைந்து குளோரினை விட்டு ஓசோனைத் தின்னும் என்று இரசாயன விஞ்ஞானிகளான மொலினாவும் ரோலண்டும் 1974 இலேயே எழுதினார்கள். 1985 இல் பிரித்தானிய அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் தென்துருவத்துக்கு மேலே ஓசோன் மெலிந்திருப்பதை அளந்து காட்டினார்கள். 1987 செப்டம்பர் 16 இல் மொன்றியலில் உடன்படிக்கை கையெழுத்தானது.

முதல் வடிவத்தில் ஏழை நாடுகளுக்குக் கிடைத்தது அவகாசம் மட்டும். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 0.3 கிலோவுக்குக் குறைவாக சிஎஃப்சி பயன்படுத்தும் வளர்முக நாடுகள் பத்து ஆண்டு பிந்தலாம் என்றது ஐந்தாம் உறுப்புரை. இந்தியாவும் சீனாவும் சேர மறுத்தன. பணக்கார நாடுகளிடம் அவை கேட்டது இதுதான்: படலத்தை ஓட்டையாக்கியது நீங்கள். எங்கள் மக்கள் இப்போதுதான் முதல் பிரிஜ் வாங்குகிறார்கள். மாறச் சொன்னால் மாறுகிற செலவை யார் தருவது? நியாயமான கேள்வி. அந்த இரண்டு நாடுகளும் வெளியே நின்றால் உடன்படிக்கையே வீண் என்பதால் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் வந்தது.

1990 ஜூனில் லண்டனில் அந்தப் பதில் எழுத்தில் வந்தது. பலதரப்பு நிதியம் என்று ஒன்று. முதல் மூன்றாண்டுக்கு 160 மில்லியன் டொலர், இந்தியாவும் சீனாவும் சேர்ந்தால் 240 மில்லியன். சீனா 1991 இலும் இந்தியா 1992 இலும் சேர்ந்தன. நிதியத்தின் செயற்குழுவில் பணக்கார நாடுகள் ஏழு, வளர்முக நாடுகள் ஏழு. வாக்கெடுப்பு என்று வந்தால் இரண்டு பக்கத்திலும் தனித்தனிப் பெரும்பான்மை வேண்டும். பணம் கொடுப்பவர் மட்டும் தலையாட்டினால் போதாது. உலக வங்கியிலோ சர்வதேச நாணய நிதியத்திலோ இப்படி ஒரு சமநிலை கிடையாது. பணம் போட்டவரின் பங்குக்கு ஏற்ப அங்கே வாக்குப் பலம் கூடும். நம் நாட்டுக் கடன் பேச்சுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

எதற்குப் பணம் என்பதிலும் தெளிவு இருந்தது. ஒரு தொழிற்சாலை பழைய வாயுவிலேயே தொடர்ந்திருந்தால் வரும் செலவுக்கும், புதியதுக்கு மாறுவதால் வரும் செலவுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் நிதியம் கொடுக்கும். அதோடு இரண்டு பூட்டுகள் போடப்பட்டிருந்தன: உடன்படிக்கையில் சேராத நாட்டோடு இந்தப் பொருட்களில் வணிகம் செய்யத் தடை, திகதி தவறிய நாடு விளக்கம் சொல்ல வேண்டும். வளர்முக நாடுகளுக்கு சிஎஃப்சி அளவு 1999 ஜூலையில் உறைந்தது (அதற்கு மேல் கூடக்கூடாது என்று நிறுத்தப்பட்டது), 2005 இல் பாதியானது, 2007 இல் 85 சதவீதம் குறைந்தது, 2010 ஜனவரி முதலாம் திகதியோடு முடிந்தது.

இலங்கை 1989 டிசம்பரிலேயே உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. நாம் இந்த வாயுக்களை ஒருபோதும் உற்பத்தி செய்ததில்லை, முழுவதும் இறக்குமதி. ஆகவே துறைமுகத்தில் கதவை இறுக்கினால் கணக்கு முடிந்துவிடும். 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கையில் இருந்தது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் சிலிண்டர் இறங்காது. தேயிலை நாற்றுமேடைகளில் மண்ணுக்குள் இருக்கும் வேர்ப்புழுவைக் கொல்ல அடித்துக்கொண்டிருந்த மெதைல் புரோமைட்டும் இதே உடன்படிக்கையின் கீழ் மாற்றப்பட்டது. மலையக நாற்றுமேடைகளில் கைகட்டி நின்று அந்த நஞ்சைச் சுவாசித்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அது தனியாக எழுதவேண்டிய கதை.

கடைக்குள் நடந்தது

துறைமுகக் கதவை மூடுவது ஒரு வேலை. அதற்குப் பிறகு ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பிரிஜ்களை என்ன செய்வது? இலங்கையின் மாற்றம் பெரும்பாலும் திருத்துவேலைக் கடைகளில் நடக்கவேண்டியிருந்தது. பெரிய தொழிற்சாலை ஒன்றை மாற்றினால் ஒரே கையெழுத்தில் நூற்றுக்கணக்கான தொன் குறையும். இங்கே அது ஆயிரம் கடைகளில், கிராம் கிராமாகக் குறைய வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருக்கிறார். மலையகத்தில் பிறந்து, பள்ளிக்கூடம் முடியுமுன்பே வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவர். ஒரு கதவளவு அகலமுள்ள கடை. வாசலில் கழற்றிய கம்ப்ரசர்கள், சுவரில் சுருட்டிய கொப்பர் பைப், மூலையில் சிலிண்டர்கள். நிறத்தைப் பார்த்தே வாயுவைச் சொல்லிவிடலாம்: இளம்பச்சை என்றால் ஆர்-22, இளநீலம் ஆர்-134ஏ, ரோஸ் நிறம் ஆர்-410ஏ.

பழைய முறையை அவர் எனக்கு விளக்கினார். பிரிஜ் குளிரவில்லை என்று வந்தால் முதலில் பைப்பை வெட்டி உள்ளே இருப்பதை வெளியே விடுவது. ஒழுகும் இடத்தைப் பற்றவைத்து அடைப்பது. பிறகு கொஞ்சம் வாயுவை உள்ளே விட்டு, அது பைப்பிலுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போக விடுவது. கடைசியில் கேஸ் அடிப்பது. ஒரு வீட்டுப் பிரிஜ் பிடிப்பது நூறு, நூற்றைம்பது கிராம். அதை நிரப்ப அதைவிடக் கூடுதலாக வெளியே போகும். “கேஸ வெளிய விடுறது பிழைன்னு யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல்ல தம்பி. மணமில்ல, நெருப்புப் பிடிக்காது, கைய சுடாது. காத்து மாதிரித்தான் நினைச்சோம்” என்றார். ஆர்-12 வளிமண்டலத்தில் நூறு ஆண்டளவு தங்கும்.

பதிலாக வந்த ஆர்-134ஏ அவருடைய பழக்கங்களை மன்னிக்கவில்லை. ஆர்-12 பிரிஜின் கம்ப்ரசருக்குள் சாதாரணக் கனிம எண்ணெய் இருந்தது. கொஞ்சம் ஈரம் போனாலும் பொறுத்துக்கொள்ளும். ஆர்-134ஏ அந்த எண்ணெயோடு கலக்காது, அதற்குப் பொலியோல் எஸ்டர் வகை எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி அமிலமாக மாறி உள்ளேயே அரிக்கும். கொழும்புக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே வாயு அடிக்குமுன் பைப்புக்குள் இருப்பதை ஒட்ட உறிஞ்சி எடுக்கவேண்டும். முறையான இரண்டு கட்ட வெக்யூம் பம்ப் உள்ளே மிஞ்சும் அழுத்தத்தை 500 மைக்ரோன் என்ற மிகச் சிறிய அளவுக்கும் கீழே இறக்கும். கடைகளில் அப்போது வெக்யூம் பம்பாக ஓடிக்கொண்டிருந்தது ஏதாவது பழைய பிரிஜில் கழற்றிய கம்ப்ரசர். அது அந்த ஆழத்துக்குப் போகாது. விளைவு, திருத்திக் கொடுத்த பிரிஜ் சில மாதங்களில் திரும்பி வந்தது. வாடிக்கையாளர் சத்தம் போட்டார். புதுக் கேஸ் சரியில்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

பயிற்சியும் கருவிகளும் தேவைப்பட்டது இங்கேதான். நிதியத்தின் பணம் ஐநா அமைப்புகள் வழியாகப் பயிற்சி வகுப்புகளாகவும், பம்ப், அழுத்தம் அளக்கும் கேஜ், வாயுவை மீட்கும் இயந்திரம் என்று கருவிகளாகவும் வந்தது. கிடைத்தவர்களுக்கு அது பெரிய உதவி. என் நண்பருக்குப் பம்ப் கிடைக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரருக்குக் கிடைத்ததை இரண்டு பேரும் மாறி மாறிப் பயன்படுத்தினார்கள், பிறகு கடன் வாங்கித் தனக்கென்று ஒன்று எடுத்தார். போர்க்காலத்தில் அந்தப் பம்பையும் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு வீட்டு வேலைக்குப் போவதே ஒரு போராட்டம் என்றார். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை, கையில் உலோகச் சிலிண்டர், பையில் செப்புக் குழாய். சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றும் என்னவென்று விளக்கிவிட்டுத்தான் நகரவேண்டும். எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்தச் செலவுக்கு ஒரு வரி இருந்திருக்காது.

2001 அக்டோபர்

இந்த மாற்றத்தின் நடுவில்தான் உடன்படிக்கை நாடுகளின் பதின்மூன்றாவது கூட்டம் கொழும்பில் நடந்தது. 2001 அக்டோபர் 16 முதல் 19 வரை. அந்த ஆண்டு ஜூலை 24 இல்தான் கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டிருந்தது. கப்பல், விமானக் காப்புறுதிக் கட்டணங்கள் எகிறியிருந்தன. செப்டம்பரில் நியூயோர்க் தாக்குதல். அப்படியும் கூட்டம் நடந்தது, கொழும்புப் பிரகடனம் என்ற பெயரில் ஓர் அறிக்கையும் வெளியானது. போர் நடக்கும் ஒரு சிறிய நாட்டுத் தலைநகரில் உலகம் கூடி இரசாயனக் கணக்குப் பார்த்தது என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த உடன்படிக்கைக்குள் வளர்முக நாடுகள் விருந்தாளிகளாக நடத்தப்படவில்லை என்பதற்கு அது ஒரு சான்று. 2009 இல் உலகின் எல்லா நாடுகளும் சேர்ந்த முதல் ஐநா உடன்படிக்கையாக இது ஆனதற்கும் அந்த மனப்போக்கு ஒரு காரணம்.

2010 இல் சிஎஃப்சி முடிந்தது. 2023 ஜனவரியில் வெளியான விஞ்ஞான மதிப்பீட்டின்படி, தடைசெய்த பொருட்களில் 99 சதவீதம் அளவு பாவனையிலிருந்து போய்விட்டது. இப்படியே போனால் துருவங்கள் தவிர்ந்த பகுதிகளில் ஓசோன் படலம் 2040 அளவில் 1980 இன் நிலைக்குத் திரும்பும், அண்டார்டிக்காவுக்கு மேலே 2066 அளவில்.

முடியாத படிக்கட்டு

மெக்கானிக்கின் பக்கத்தில் கதை முடியவில்லை. ஏசிகளில் இருந்த ஆர்-22 ஓசோனைக் குறைவாக அரிப்பது, ஆனாலும் அரிப்பது. வளர்முக நாடுகள் 2013 இல் அதை உறையவைத்து, 2015 இல் 10, 2020 இல் 35, 2025 இல் 67.5 சதவீதம் என்று குறைக்கவேண்டியிருந்தது. 2030 க்குப் பின் பழைய இயந்திரங்களைத் திருத்த மட்டும் சிறு அளவு 2040 வரை. எச்சிஎஃப்சி எனப்படும் இந்த வகையில், குறைப்பைக் கணக்கிட எடுத்த இலங்கையின் அடிப்படை அளவு சுமார் 14 ஓசோன் அழிப்புத் தொன் (ஓசோனை அரிக்கும் திறனை வைத்துக் கணக்கிட்ட தொன்). இந்தியாவுடையது 1,600 க்கு மேல். உலகக் கணக்கில் நாம் ஒரு துளிதான், ஆனால் விதி ஒன்றே.

ஆர்-22 க்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் கூடிய அழுத்தத்தில் ஓடும். பழைய கேஜும் ஹோஸும் தாங்காது. மறுபடி செலவு. பிறகு அதுவும் கூடாது என்றார்கள். ஆர்-134ஏயும் ஆர்-410ஏயும் ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் போனால் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088. ஒரு சின்ன அறை ஏசியில் ஒரு கிலோவுக்குக் கிட்ட இருக்கும். 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் இந்த எச்எஃப்சி வாயுக்களையும் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். இலங்கை 2018 இல் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் கடைக்காரரின் கோணத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் தன் தொழில் வாழ்க்கைக்குள் ஆர்-12, ஆர்-134ஏ, ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, இப்போது ஐசோபியூட்டேன் என்று மாறிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கருவி வேறு, எண்ணெய் வேறு, அபாயம் வேறு. புதிய வீட்டுப் பிரிஜ்களில் வரும் ஐசோபியூட்டேன், அதாவது ஆர்-600ஏ, பூமிக்கு மிக நல்லது. ஆனால் அது அடுப்பு வாயுவின் இனம், தீப்பிடிக்கும். உள்ளே இருப்பது ஐம்பது கிராமளவு. தராசில் நிறுத்து அடிக்கவேண்டும், கைக்கணக்கு சரிவராது. வாயு உள்ளே இருக்கும்போது தீச்சுடர் வைத்துப் பற்றவைக்கவே கூடாது. பழைய பழக்கத்தில் பைப்பை வெட்டிவிட்டு டோர்ச்சைப் பற்றவைத்தால் கடையும் போகும், கையும் போகும்.

நெருக்கடி கற்றுத்தந்த கணக்கு

வாயுவை மீட்டு எடுப்பது பற்றிப் பயிற்சிகளில் நிறையப் பேசினார்கள். மீட்கும் இயந்திரங்களையும் கொடுத்தார்கள். பல வளர்முக நாடுகளில் அவை தூசி பிடித்துக் கிடந்தன, இங்கேயும் அப்படித்தான். காரணத்தை விழிப்புணர்வுக் குறைவில் தேடவேண்டியதில்லை. ஒரு பிரிஜில் இருந்து நூறு கிராம் மீட்க இயந்திரத்தைப் பூட்டிக் கழற்ற அரை மணி நேரம் போகும். அந்த நேரத்தில் இன்னொரு வேலையைப் பிடிக்கலாம். புதுச் சிலிண்டர் மலிவு. மீட்டதை எடுத்துப் போனால் வாங்க ஆளில்லை. கணக்குத் தெரிந்த எந்தக் கடைக்காரரும் இயந்திரத்தை மூலையில்தான் வைப்பார்.

2022 இல் அந்தக் கணக்கு தலைகீழானது. டொலர் இல்லை, வங்கியில் எல்சி (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறக்க முடியவில்லை, ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மின்சாரம் வந்து போகும் வேகத்தில் கம்ப்ரசர்கள் எரிந்தன, திருத்தவேலை குவிந்தது, அடிக்க வாயு இல்லை. மூலையில் கிடந்த இயந்திரங்கள் வெளியே வந்தன. செத்துப்போன ஏசியிலிருந்து உறிஞ்சி உயிருள்ளதற்கு அடித்தார்கள். என் நண்பர் மீட்ட வாயுவைப் பக்கத்துக் கடைகளுக்கு விற்றதும் அப்போதுதான். எத்தனையோ வகுப்புகளால் முடியாததை விலை சில வாரங்களில் செய்து முடித்தது.

ஆனால் சுத்திகரிக்கும், சோதிக்கும் வசதி இல்லாமல் கைமாறிய வாயு அது. எதோடு எது கலந்தது என்று யாருக்கும் தெரியாது. கலப்பட வாயுவின் ஆபத்தை உலகம் 2011 இலேயே பார்த்திருக்கிறது: ஆர்-134ஏ என்ற பெயரில் மெதைல் குளோரைட் கலந்த சரக்கை அடித்த குளிர்க் கொள்கலன்கள் வியட்நாமிலும் பிரேசிலிலும் வெடித்துத் தொழிலாளர் உயிரிழந்தனர். மெதைல் குளோரைட் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே பற்றும் பொருளாகிறது. குளிர்க் கொள்கலன்கள் நாள் முழுக்க ஏறி இறங்கும் துறைமுகம் கொழும்பு. இந்த ஊருக்கு அந்தச் செய்தி தூரத்துச் செய்தியில்லை.

அதே நெருக்கடி இன்னொரு இடத்திலும் நம்மைத் தொடுகிறது, இதைப் பற்றி இங்கே யாரும் போதுமான அளவு பேசவில்லை. கிகாலி ஏற்பாட்டின்படி, நம் பிரிவிலுள்ள நாடுகளின் உச்சவரம்பு எப்படி வருகிறது என்றால், 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளின் எச்எஃப்சி பாவனைச் சராசரியோடு, பழைய எச்சிஎஃப்சி அடிப்படையின் 65 சதவீதத்தைக் கூட்டவேண்டும். அந்த மூன்று ஆண்டுகள் எவை என்று பாருங்கள். கொரோனா, இறக்குமதிக் கட்டுப்பாடு, டொலர் வறட்சி. அந்த ஆண்டுகளில் இறக்குமதி எவ்வளவு சுருங்கியதோ அந்த அளவுக்கு நம் உச்சவரம்பும் கீழே இறங்கும். 65 சதவீதச் சேர்க்கை கொஞ்சம் தாங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது, ஒவ்வொரு வாகன ஏசியும் திருத்தவேலையில் வாயு கேட்கும். வெக்கை கூடுகிறது, மாடிக் குடியிருப்புகள் கூடுகின்றன. 2022 இன் கடைசியில் இலங்கையைத் திரும்பவும் சலுகைக் கடனுக்குத் தகுதியான நாடாக உலக வங்கி ஏற்றுக்கொண்டது. அந்த அளவுக்கு விழுந்திருந்தோம். விழுந்துகிடந்த ஆண்டுகளை வைத்து ஒரு நாட்டின் அளவை எடுப்பது நீதியில்லை என்று கொழும்பு உரத்துச் சொல்லவேண்டும். 1990 இல் கேள்வி கேட்ட நாடுகளால்தான் நிதியமே வந்தது.

தொய்ந்த கண்ணி

இனி, வீட்டுக்குள் நாம் செய்யவேண்டியதற்கு வருகிறேன். எச்எஃப்சி அளவு 2024 இல் உறைந்தது. முதல் குறைப்பு 2029 இல், 10 சதவீதம். பிறகு 2035 இல் 30, 2040 இல் 50, 2045 இல் 80. பலதரப்பு நிதியத்துக்கு 2024 முதல் 2026 வரைக்கான ஒதுக்கீடு 965 மில்லியன் டொலர், இதுவரை காணாத தொகை. நம் பங்குக்கு வருவது எவ்வளவாக இருந்தாலும், அது மண்டபத்துச் செலவாகப் போகாமல் கடைக்குள் போகவேண்டும்.

முதலாவது மொழி. தீப்பிடிக்கும் வாயு பற்றிய வகுப்பொன்றுக்கு என் நண்பர் போயிருக்கிறார். விளக்கம் சிங்களத்தில், கையேடு ஆங்கிலத்தில். அவருக்குச் சிங்களம் பேச வரும், கடையில் பாதி வாடிக்கையாளர் சிங்களவர்தான். ஆனால் ஒரு தொழில்நுட்பப் பாடத்தை எழுதிப் படிக்கிற அளவுக்கு இல்லை. பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னதை வைத்துச் சமாளித்திருக்கிறார். சத்தம் போடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று “எப்போது டோர்ச்சைப் பற்றவைக்கக் கூடாது” என்ற பாடத்தை அரைகுறையாகக் கேட்பது எவ்வளவு பெரிய ஆபத்து. கொழும்பு, வத்தளை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், நுவரெலியா என்று தமிழில் வேலை செய்யும் மெக்கானிக்குகள் நாடு முழுக்க இருக்கிறார்கள். படம் போட்ட, கடைச்சுவரில் ஒட்டக்கூடிய தமிழ்க் கையேடு ஒன்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை.

இரண்டாவது சான்றிதழ். கையால் கற்ற வேலையைச் சோதித்து தேசிய தொழிற் தகைமை கொடுக்கும் வழி நம் நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டாருக்கும் டுபாய்க்கும் போக நினைக்கும் பையன்கள் அதை எடுக்கிறார்கள். இங்கேயே இருப்பவருக்கு அதனால் என்ன பயன் என்று கேட்டால் பதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்றிதழ் உள்ளவருக்குத்தான் இந்த வாயுக்களை விற்கலாம். அதே விதியை இங்கே கொண்டுவரலாம், ஆனால் ஒழுங்கு மாறக்கூடாது: முதலில் சோதனை மையங்கள், மூன்று மொழிகளிலும் வினாத்தாள், வேலை நாள் இழப்புக்கு ஒரு கொடுப்பனவு. இவை வந்த பிறகு தடை. மாறிச் செய்தால் சின்னக் கடைகள் மூடும், பெரிய கம்பனிகளின் சேவைப் பிரிவுகள் மட்டும் மிஞ்சும், வாயுவும் கள்ளச் சந்தைக்குப் போகும்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமானது, மீட்ட வாயுவுக்கு விலை. 2022 இல் கடைகள் தாங்களாகவே செய்ததை முறையாக்கினால் போதும். கொழும்பில் ஒரு சுத்திகரிப்பு, சோதனை நிலையம். மெக்கானிக் கொண்டுவரும் சிலிண்டரை நிறுத்து, சோதித்து, கையில் காசு கொடுக்கவேண்டும். அந்தக் காசை இறக்குமதியாளரிடம் ஒரு சிறு கட்டணமாக முதலிலேயே வசூலிக்கலாம். புதுச் சிலிண்டர் கொண்டுவரும்போதே அது திரும்பும் செலவையும் கட்டிவிட்டார் என்று கணக்கு. சுத்திகரித்த வாயு திரும்ப விற்பனைக்கு வந்தால் உச்சவரம்புக்குள் சேராது, டொலரும் மிச்சம். 2029 க்கு முன் இதைத் தொடங்கினால் வரப்போகும் தட்டுப்பாட்டில் கடைகள் திணறாது. நிதியத்திடம் கேட்கும் திட்டத்தில் இதற்கென்று ஒரு வரியும், அந்த வரியை எழுதும் மேசையில் ஆமர் வீதிக் கடைக்காரர் ஒருவரும் இருக்கவேண்டும்.